லேத் வாங்கப் போகிறீர்களா? வீட்டுப் பட்டறைக்குப் பணம் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீட்டுப் பணமோ போனஸோ கைக்கு வந்ததும், வீட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு முதலில் வரும் ஆசை லேத், அதாவது ராடைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின். கார் ஷெட் மூலையைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். அப்புறம் யூடியூப். இங்கிலாந்துக்காரர் மைஃபோர்டு லேத்தில் நீராவி இன்ஜின் கடைவார், அமெரிக்கர் பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷினில் வைஸ் செய்வார். பத்து நாள் பார்த்தால் போதும், லேத், மில்லிங், பேண்ட் சா, சர்ஃபேஸ் கிரைண்டர் என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும்.

அந்தப் பட்டியல் அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே ஒரு புல்லியில் கீவே (ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்) அடித்துத் தர ஆள் பிடிப்பதே பாடு, கூலியும் கட்டுப்படியாகாது. அதனால் எல்லா மெஷினையும் சொந்தமாக வைத்துக்கொள்கிறார்கள். நமக்கோ கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமும் சென்னை அம்பத்தூரிலும் தெருவுக்குத் தெரு, கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறை இருக்கிறது. சிறிய ஊர்களில்கூட பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லேத் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வசதியைக் கணக்கில் எடுக்காமல் பணம் போடுவதுதான் நான் பார்த்தவரை முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

எந்த மெஷின் வாங்கலாம் என்று தொடங்காதீர்கள். எந்த வேலை உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது என்று பாருங்கள். கடைந்து, போட்டுப் பார்த்து, இன்னும் ஒரு துளி எடுத்து, மறுபடி போட்டுப் பார்க்கும் வேலை வீட்டில் நடக்க வேண்டும். சூட்டுக் காற்றில் ஓடும் சின்ன ஸ்டர்லிங் இன்ஜின் செய்கிறவர் பிஸ்டனையும் சிலிண்டரையும் வெளியே கொடுத்துச் செய்துவிட முடியாது. அந்தப் பொருத்தம் கைக்கு வருகிறவரை அவரே உட்கார வேண்டும். அதே இன்ஜினின் ஃப்ளைவீலுக்கு ஒரு கீவே வேண்டுமென்றால், அதற்காக ஸ்லாட்டிங் மெஷின் வாங்குவாரா? பட்டறையில் கொடுத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். கியர் வெட்டுவது, சர்ஃபேஸ் கிரைண்டிங், ஹார்டனிங் எல்லாம் இந்தக் கணக்கில் வெளியேதான். வருடத்துக்கு இரண்டு முறை வரும் வேலைக்கு மெஷின் வேண்டாம்.

ஜாப் ஒர்க் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. "அண்ணே, கொஞ்சம் லூசா இருந்தாப் போதும்" என்று வாயால் சொன்னால் அவருக்குத் தோன்றிய லூசில்தான் வரும். காகிதத்தில் படம், அளவு மி.மீ.யில், எது எதற்குள் போக வேண்டும் என்ற குறிப்பு இருக்கட்டும். அதைவிட நல்லது, பொருந்த வேண்டிய பொருளையே கையில் கொண்டுபோவது. 6203 பேரிங் உட்கார 17 மி.மீ. ஷாஃப்ட் வேண்டுமென்றால் பேரிங்கைக் கையில் கொடுங்கள். அவர் மைக்ரோமீட்டரை எடுப்பதற்கு முன் பேரிங்கைத்தான் போட்டுப் பார்ப்பார்.

முழுப் பணத்தையும் மெஷினிலேயே போடுவது

ஒரு லட்சம் வைத்திருப்பவர் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு லேத் பார்ப்பார். வந்து இறங்கியதும்தான் தெரியும், அதில் ராடை மூன்று தாடையால் பிடிக்கும் மூன்று ஜா சக் மட்டும் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று. நாலு ஜா சக், டிரில் சக், ரிவால்விங் சென்டர், நல்ல டூல் போஸ்ட், சென்டர் டிரில், போரிங் பார், டேப் செட், வெர்னியர், மைக்ரோமீட்டர், மேக்னெட் ஸ்டாண்டோடு, ஆட்டத்தை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜ். டூல் தீட்ட பெஞ்ச் கிரைண்டர் இல்லாமல் எதுவும் நகராது. ஒவ்வொன்றாக வாங்கி முடிக்கும்போது மெஷின் விலைக்குச் சமமாகிவிடும். லட்சம் இருந்தால் மெஷினுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்தைத் தாண்டாதீர்கள் என்பேன். மீதியை உடனே செலவழிக்கவும் வேண்டாம். வேலை எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே போடுங்கள்.

டயல் கேஜுக்கும் நாலு ஜா சக்குக்கும் முதலிடம் கொடுங்கள். மூன்று ஜா சக் எவ்வளவு நல்லதானாலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், பழையதில் 0.1 மி.மீ. சாதாரணம். நாலு ஜாவில் டயல் வைத்து ஒவ்வொரு ஜாவாகத் தள்ளிப் பிடித்தால், சக் பழசானாலும் வேலையை நூறில் ஒரு மி.மீ.க்குள் மையத்துக்குக் கொண்டுவரலாம். கற்றுக்கொள்ளும்வரை எரிச்சலாக இருக்கும். பழகியபின் இரண்டு நிமிட வேலை.

டூலிலும் ஒரு பணக்குழி இருக்கிறது. பளபளவென்று கார்பைடு இன்சர்ட் (மாற்றிப் போடும் கடினமான வெட்டுமுனை) செட் ஆன்லைனில் வாங்குவார்கள். 25 மி.மீ. எம்எஸ் (சாதாரண இரும்பு) ராடைக் கார்பைடில் நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்தில் வெட்டினால்கூட சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் 1,500 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும், வெட்டும் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும். சின்ன லேத் அந்தப் பாரத்தில் அதிரத் தொடங்கும். அதே ராடை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் 350 சுற்றில் நிதானமாக எடுக்கலாம். டூல் பிட்டை கிரைண்டரில் தீட்டக் கற்றுக்கொண்டால் செலவும் குறைவு, ஃபினிஷும் நன்றாக வரும். அலுமினியத்துக்கென்று பாலிஷ் செய்த கூர் இன்சர்ட்டுகள் மட்டும் சின்ன லேத்திலும் அழகாக வெட்டும்.

அளவைத் தப்பாகப் படிப்பது

நம் ஊரில் லேத்தை அடிக்கணக்கில் விற்பார்கள்: நாலரை அடி, ஆறு அடி. அது பெட்டின், அதாவது மெஷினின் அடித்தளத் தண்டவாளத்தின், நீளம். நாலரை அடி லேத் என்றால் நாலரை அடி ராடு கடையலாம் என்று நினைத்து முன்பணம் கொடுத்தவர்கள் உண்டு. ராடைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக்கும் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கும் அந்த நீளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சென்டருக்குச் சென்டர் பாதி நீளம் கிடைத்தாலே நல்லது. அந்த அளவை டேப் வைத்து நீங்களே எடுங்கள்.

சீனாவிலிருந்து வரும் மினி லேத்திலும் இதே கதை. 180 மி.மீ. ஸ்விங் (சுழலக்கூடிய அதிகபட்ச விட்டம்) என்று போட்டிருப்பது பெட்டுக்கு மேலே. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே 110 மி.மீ. அளவுதான் சுற்றும். மெஷின் எடையே 40 கிலோ சொச்சம், பலவற்றில் ஹெட் ஸ்டாக் கியர் பிளாஸ்டிக். மொத்தமும் மோசம் என்று சொல்ல மாட்டேன். மாடி வீட்டுக்காரருக்கு, கடிகாரம், கேமரா, டெலஸ்கோப் பாகங்கள் செய்கிறவருக்கு அதுவே பொருத்தம். புல்லட் பைக்குக்கு ஷாஃப்ட் கடையலாம் என்று வாங்கினால்தான் கஷ்டம்.

பெயிண்ட்டைப் பார்த்துப் பழைய மெஷின் வாங்குவது

ஐம்பத்தைந்தாயிரத்துக்குள் கனமான லேத் வேண்டுமென்றால் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். கோவை பிஎஸ்ஜி, ஹரிஹர் மைசூர் கிர்லோஸ்கர், பெங்களூரு ஹெச்எம்டி என்று பழைய பெயர்கள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. ஹெச்எம்டி 1953இல் தொடங்கியது. அதன் லேத்துகளுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. லூதியானா, படாலா, ராஜ்கோட் தயாரிப்புகளும் வரும். அவற்றில் தரம் மெஷினுக்கு மெஷின் மாறும். எந்தப் பெயராக இருந்தாலும் ஐம்பது வருடத்து வார்ப்பிரும்பு தேய்ந்துதான் இருக்கும், எங்கே எவ்வளவு என்பதே பேச்சு. பச்சைப் பெயிண்ட் புதிதாக மின்னினால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

பெட் தேய்வது சக்குக்குப் பக்கத்தில்தான், அங்கேதான் கேரேஜ் (டூலைத் தாங்கிப் பெட் மேல் ஓடும் பாகம்) வாழ்நாள் முழுவதும் ஓடியிருக்கும். கேரேஜைச் சக் பக்கம் கொண்டுபோய், பெட் கிளாம்ப்பைக் கை ஓட்டத்தில் லேசாக இறுக்கம் தெரிகிற அளவுக்கு முடுக்குங்கள். அப்படியே டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். போகப் போகப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தால், சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். நகத்தைப் பெட்டின் குறுக்கே இழுத்தாலும் கேரேஜ் படாத ஓரத்தில் ஒரு படி தட்டுப்படும்.

அடுத்து ஸ்பிண்டில். டயலைச் சக்கில் வைக்காதீர்கள், அது சக்கின் ஆட்டத்தையும் சேர்த்துக் காட்டும். சக்கைக் கழற்றி ஸ்பிண்டில் மூக்கில் வையுங்கள். பிறகு ஒரு கட்டையை ஸ்பிண்டிலுக்குள் விட்டு மேலே நெம்பிப் பாருங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் பேரிங் வேலை காத்திருக்கிறது. விலையில் அதைக் கழியுங்கள், அல்லது வேறு மெஷின் பாருங்கள்.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று ஆட்டம் இருந்தால் பதற வேண்டாம். நட்டை மாற்றலாம், மாற்றாமலும் ஒரே பக்கத்திலிருந்து திருகிப் பழகி வேலை பார்க்கலாம். பேரம் பேச மட்டும் அது நல்ல சாக்கு. ஆனால் மரை வெட்ட மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர்களை ஒவ்வொன்றாக எண்ணி எடுங்கள். தொலைந்துபோன கியருக்கு ஈடு தேடுவது தனி அலைச்சல். மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருந்தால் 127 பல் கியர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து அங்குலம் சரியாக 127 மி.மீ. என்பதால், அந்தக் கியர் இருந்தால்தான் மெட்ரிக் மரை அச்சாக வரும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். "சார், த்ரீ பேஸ் லைன் இன்னைக்கு இல்ல சார், மெஷின் சும்மா பூ மாதிரி ஓடும்" என்பார் வியாபாரி. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். போகும்போது ஒரு ராடும், நீங்களே தீட்டிய டூலும் கொண்டுபோங்கள். கையில் மைக்ரோமீட்டரோடு நிற்பவரிடம் வியாபாரியின் பேச்சே மாறிவிடும்.

கரண்ட்டைக் கடைசியில் யோசிப்பது

பழைய லேத்தில் 415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டார் இருக்கும், பல வீடுகளில் சிங்கிள் பேஸ். உடனே மோட்டாரை மாற்றிவிடாதீர்கள். 3 எச்பி வரை சிங்கிள் பேஸ் எடுத்து 230 வோல்ட் த்ரீ பேஸ் தரும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தையும் மாற்றும் மின்னணுப் பெட்டி) கிடைக்கிறது. சிக்கல் ஒன்றுதான்: சின்ன மோட்டார்களை உள்ளே ஸ்டாரில் கட்டி மூன்று ஒயர் மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். அதை அப்படியே இணைத்தால் மோட்டாருக்குத் தெம்பு இருக்காது. ஒயிண்டிங் கடையில் கொடுத்து ஸ்டார் பாயிண்ட்டைப் பிரித்து ஆறு ஒயராக்கி, டெல்டாவில் கட்டச் சொல்லுங்கள்.

விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் லேத்தின் பழைய சுவிட்சை விட்டு வைக்காதீர்கள். ஓடும்போது அதை அணைத்தால் விஎஃப்டி போய்விடும். ஸ்டார்ட், ஸ்டாப், ரிவர்ஸ் எல்லாம் விஎஃப்டியின் கன்ட்ரோல் ஒயர் வழியாகவே இருக்கட்டும். விஎஃப்டி இருக்கிறதே என்று, ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் பேக் கியரை மறந்துவிடவும் கூடாது. மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், மோட்டார் கொதிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதும் இந்தச் செலவில் சேர்ந்தது. அப்படியே ஒன்று: லுங்கி, தோளில் துண்டு, கையுறை, இவை மூன்றும் ஓடும் லேத்துக்குப் பக்கத்தில் ஆகாது.

இறக்கும் செலவு

லேத்துக்குத் தலைப் பக்கம்தான் கனம். நடுவில் கயிறு கட்டித் தூக்கினால் தலை குப்புறச் சாயும். பழகிய ஆட்களுக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் வேண்டாம். மட்டப்பலகை வைத்து நான்கு காலையும் சரிசெய்யாமல் கடைந்தால், பெட் முறுகி, ராடு ஒரு பக்கம் தடித்துத்தான் வரும்.

எல்லாம் ஒன்றில்

லேத்தும் மில்லிங்கும் டிரில்லிங்கும் சேர்ந்த மூன்று இன் ஒன் மெஷின் பார்க்க மலிவு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் செட்டிங்கைக் கலைக்க வேண்டும் என்பதால் மில்லிங் பக்கம் தூசி படிந்துவிடும். 3018 சிஎன்சி என்று வரும் சின்ன ரவுட்டர் மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நல்லது. இரும்பு வெட்ட அதை வாங்காதீர்கள்.

இன்னும் எதுவுமே வாங்காதவர் லேத்தைத் தள்ளிப்போட்டு, கனமான மேஜை, அதில் போல்ட் அடித்த ஆறு அங்குல வைஸ், பெஞ்ச் கிரைண்டர், நல்ல பெஞ்ச் டிரில் என்று தொடங்கினால் பணம் வீணாகாது. டிரில்லில் பார்க்க வேண்டியது மிகக் குறைந்த வேகம். இரும்பில் 10 மி.மீ. துளைக்கு 800 சுற்றுதான் வேண்டும், அதற்குமேல் பெரிய துளைக்கு இன்னும் குறைவு. சுற்று குறையாத மெஷினில் டிரில் பிட் நீலமாகிவிடும்.

கடைசியாக ராடு. லேத் வந்த ஜோரில் வீட்டு வேலைக்கு வாங்கி மிஞ்சிய டிஎம்டி கம்பியை மாட்டி, ஃபினிஷ் வரவில்லை என்று மெஷினைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கம்பியின் மேல்தோல் தயாரிப்பிலேயே கடினமாக்கப்பட்டது, கற்றுக்கொள்ள அது சரிப்படாது. இஎன்1ஏ என்று கேட்டு வாங்குங்கள், வெண்ணெய்போல வெட்டும். ராடு எடைக்குத்தான் விற்பார்கள், மி.மீ.யில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் கிலோ வந்துவிடும். 25 மி.மீ. ராடு மீட்டருக்கு 3.86 கிலோ.