போட்டோடயோடு ஆம்ப்ளிஃபயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிச்சத்தை உணரும் போட்டோடயோடு தருவது வோல்டேஜ் அல்ல, கரண்ட். அதுவும் மைக்ரோ ஆம்பியர், நானோ ஆம்பியர் அளவில். அதை ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) படிக்கும் வோல்டேஜாக மாற்றுவது டிரான்ஸ்இம்பிடன்ஸ் ஆம்ப்ளிஃபயர். ஓர் ஆப்-ஆம்ப் (பிளஸ், மைனஸ் என்று இரண்டு இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயர் சிப்), அதன் அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு ஒரு ஃபீட்பேக் ரெசிஸ்டர். டயோடின் கரண்ட் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். 1 மைக்ரோ ஆம்பியர், 1 மெகா ஓம் என்றால் 1 வோல்ட். கணக்கு இவ்வளவு எளிது என்பதால், மீதியையும் எளிது என்று நினைத்துவிடுகிறோம்.

அந்த ரெசிஸ்டருக்கு இணையாக (பேரலலாக) போட வேண்டிய குட்டி கெபாசிட்டரை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மாணவர் ஒருவர் விரல் நுனியில் நாடித்துடிப்பு பார்க்கும் சென்சார் செய்து கொண்டுவந்தார். எல்இடி மின்னும், சற்று நேரத்தில் ஏடிசி படிக்கும். விரலை அசைக்கவே இல்லை, ஆனாலும் எண்கள் தாவின. மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, ஏனென்றால் அது சராசரியைத்தான் காட்டும். ஆசிலோஸ்கோப்பை வைத்ததும், எல்இடி மின்னும் ஒவ்வொரு முறையும் அவுட்புட் எகிறி, கிட்டத்தட்ட 80 கிலோஹெர்ட்ஸில் அலையடித்து, மெல்ல அடங்குவது தெரிந்தது. ஏடிசி அந்த அலையின் நடுவில் எங்கோ படித்துக்கொண்டிருந்தது.

காரணம் டயோடுக்குள்ளேயே இருக்கிறது. பிபிடபிள்யூ34 போன்ற டயோடுக்கு ரிவர்ஸ் வோல்டேஜ் கொடுக்காதபோது 70 பிகோஃபாரட் கெபாசிடன்ஸ் உண்டு. ஃபீட்பேக் ரெசிஸ்டரும் இதுவும் சேர்ந்து, ஆப்-ஆம்புக்குத் திரும்பி வரும் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. ஆப்-ஆம்பின் சொந்தத் தாமதமும் அதோடு சேர, அவுட்புட் ஆடத் தொடங்குகிறது. அவர் பயன்படுத்தியது 3 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப், 1 மெகா ஓம். இதற்குத் தேவை ஏறக்குறைய 2 பிகோஃபாரட், கடையில் கிடைப்பது 2.2. அதைப் போட்டதும் அலை அடங்கியது. "எதற்கும் இருக்கட்டும்" என்று 100 பிகோஃபாரட் போட்டால் வேகம் 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், எல்இடி அணைவதற்குள் அவுட்புட் மேலே ஏறி முடிக்காது. இன்னொன்று: பிரெட்போர்டில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையிலேயே சில பிகோஃபாரட் இருக்கும். அங்கே இந்தக் கணக்கு நிற்காது. மைனஸ் இன்புட்டுக்குப் போகும் வயரை முடிந்தவரை குட்டையாக வைத்து சோல்டர் செய்யுங்கள்.

அப்புறம் ஆப்-ஆம்ப் தேர்வு. லேபில் கிடக்கிறதே என்று 741-ஐ எடுக்காதீர்கள். அதன் இன்புட் பயாஸ் கரண்ட் (இன்புட் கால்களில் தானாகவே ஓடும் சிறு கரண்ட்) வழக்கமாக 80 நானோ ஆம்பியர். 1 மெகா ஓமில், வெளிச்சமே இல்லாதபோதும் 80 மில்லிவோல்ட் நிற்கும். டிஎல்072-இல் இது பிகோ ஆம்பியர்தான், ஆனால் அதன் பிளஸ் இன்புட்டை கிரவுண்டில் வைக்க வேண்டுமென்றால் நெகட்டிவ் சப்ளையும் வேண்டும். 5 வோல்ட் மட்டும் இருந்தால் எம்சிபி6002 போன்றது பொருந்தும். அப்போது டயோடின் கேதோடு மைனஸ் இன்புட்டுக்கு, ஆனோடு கிரவுண்டுக்கு. மாற்றிப் போட்டால் அவுட்புட் பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொள்ளும். டயோடு போய்விட்டது என்று பலர் தூக்கி எறிவது இப்போதுதான்.

ரெசிஸ்டர் மதிப்பை, வரப்போகும் அதிகபட்ச கரண்டை வைத்து முடிவு செய்யுங்கள். சாதாரண குண்டு பல்பின் 1000 லக்ஸ் வெளிச்சத்தில் பிபிடபிள்யூ34 சுமார் 70 மைக்ரோ ஆம்பியர் தரும். 1 மெகா ஓமில் அது 70 வோல்ட் ஆக வேண்டும், நடக்காத காரியம். அறை வெளிச்சத்தை மறைக்க முடிந்தால் மறைத்துவிட்டு, பெரிய ரெசிஸ்டரையே போடுங்கள். அதற்குப் பதிலாக 100 கிலோ ஓம் போட்டு அடுத்த கட்டத்தில் 10 மடங்கு பெருக்கினால், ரெசிஸ்டரின் இரைச்சல் மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிடும்.

கடைசியாக, சோல்டரிங் ஃபிளக்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். 5 வோல்ட் தடத்துக்கும் மைனஸ் இன்புட்டுக்கும் நடுவில் அழுக்கு 1 கிகா ஓம் பாதை போட்டாலே 5 நானோ ஆம்பியர் கசியும். துடைத்த பிறகு, டயோடின் கால்களில் படாமல் அலுமினியத் தாளால் அதை மூடி, கசிவு மிச்சம் இருக்கிறதா என்று அவுட்புட்டை அளந்து பாருங்கள். மூடுவதற்குக் கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் அகச்சிவப்பு ஒளியை உள்ளே விட்டுவிடும்.