தொழில் ஏன் இந்த ஊரில்? களஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை மாணவர்களின் களஆய்வு அறிக்கைகளைத் திருத்த உட்கார்ந்தால், ஒவ்வோர் ஆண்டும் அதே பக்கம் வந்து நிற்கிறது. ஊர் மாறும், தொழில் மாறும். 'அமைவிடக் காரணிகள்' என்ற தலைப்பும், அதன் கீழே மூலப்பொருள், நீர், தட்பவெப்பம், போக்குவரத்து, மலிவான உழைப்பு என்ற பட்டியலும் மாறவே மாறாது. நாங்கள் படித்த காலத்திலும் இதைத்தான் எழுதி மதிப்பெண் வாங்கினோம். வரைபடத்தில் அளவுகோல் விடுபட்டது, அட்டவணைக்கு எண் போடாதது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றைக் கடைசி இரவில்கூடச் சரிசெய்துவிடலாம். முழு ஆய்வையும் வீணாக்கும் தவறுகளே எனக்குக் கவலை. அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தொடங்கிய காரணத்தையே நிலைத்த காரணமாக எழுதுவது

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். 'சுற்றிலும் பருத்தி விளைகிறது, நொய்யல் ஓடுகிறது, ஆகவே பின்னலாடைத் தொழில் இங்கே அமைந்தது' என்று ஓர் அறிக்கை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எழுதியவர் திருப்பூருக்கு நேரில் போய் வந்தவர் என்பதால் கூடுதலாக வருகிறது.

ஒரு காலத்தில் அது உண்மைதான். வட்டாரப் பருத்தி இருந்தது, பஞ்சு அரைக்கும் ஆலைகள் இருந்தன, 1860களிலேயே ரயில் வந்துவிட்டது. 1920களில் பனியன் பின்னும் பட்டறைகள் தொடங்கின. சரி, இன்றைக்கு? தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பங்கு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா என்று வெளியிலிருந்து வருகிறது. நொய்யலின் கதை இன்னும் மோசம். சாயக்கழிவு கலந்து ஆறு கெட்டது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர் தேங்கும் இடமானது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலுக்கான தண்ணீர் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது.

அறிக்கையில் காரணம் என்று எழுதிய இரண்டுமே கைவிட்டுப் போயின. தொழில் போகவில்லை. 1970களின் கடைசியில் தொடங்கிய ஏற்றுமதியால் பல மடங்கு பெருகத்தான் செய்தது. அப்படியானால் தொழிலை அங்கே பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று. அதைத் தேடத்தான் களத்துக்கே போகிறோம்.

அது கண்ணெதிரே நடந்ததை ஒருமுறை பார்த்தேன். திருப்பூரில் சின்னத் தெரு ஒன்றில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட், அதாவது பிறர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை. பேசிக்கொண்டிருக்கும்போதே, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நூலைக் கோக்கும் லூப்பர் என்ற சின்னப் பாகம் உடைந்துவிட்டது. முதலாளி அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு பையனை டிவிஎஸ் எக்ஸெல்லில் அனுப்பினார். அவன் புது லூப்பரையும் மெக்கானிக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். டெய்லர் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வாடகை குறைவான ஊருக்குப் போகலாமே?" என்று கேட்டேன். "வாடகை கம்மிதானுங்க சார். லூப்பர் ஒடைஞ்சா அங்க யார்கிட்டப் போறதுங்க?" என்றார்.

கூட வந்த மாணவர் இதில் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. அவருடைய கேள்விப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. 'நீர் ஆதாரம்' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த முதலாளி சொன்னதைத்தான் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதி வைத்தார். ஒரே தொழில் ஓரிடத்தில் திரண்டால் கைதேர்ந்த ஆட்கள் எப்போதும் கிடைப்பார்கள், துணைத் தொழில்கள் பக்கத்திலேயே வளரும், தொழில் அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகப் பரவும். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கையில் இருக்கும் ஊர் திருப்பூர். மெஷின் வாங்கக் காசில்லாதவரும் ஆர்டர் பிடித்து, வேலையைப் பிரித்துக் கொடுத்துத் தொழில் நடத்தலாம். ஏற்றுமதியில் கழிந்த சரக்கைக்கூட ஊருக்குள்ளேயே இருக்கும் காதர்பேட்டைச் சந்தையில் தள்ளிவிடலாம். 2011-இல் பட்டறைகள் மூடிக் கிடந்தபோது துணி சாயத்துக்கு வெளியூர் போய் வந்தது, தையல் இங்கேயே நின்றது.

சிவகாசிக்கும் இதே கதி. 'வறண்ட வானிலை, ஆகவே பட்டாசு.' வறண்ட ஊர் சிவகாசி மட்டும்தானா? ராமநாதபுரம் பக்கம் எத்தனை ஊர் காய்ந்து கிடக்கிறது? 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. தீப்பெட்டி ரசாயனத்தில் கை பழகியவர்கள் பட்டாசுக்குப் போனார்கள். வானிலை அதற்கெல்லாம் இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஒரு காரணியை எழுதும்முன் அதே காரணி உள்ள, ஆனால் அந்தத் தொழில் இல்லாத ஊர் ஒன்றைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் உங்கள் விளக்கம் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம், ஒவ்வொரு காரணிக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டுகளுக்குப் பொருந்தும் என்று எழுதுங்கள். இதை மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை. நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை எல்லாம் கொடுத்தும் மனைகள் காலியாகக் கிடக்கும் தொழிற்பேட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே பட்டியலை நம்பிப் போட்ட திட்டங்கள் அவற்றில் உண்டு. அங்கே வீணானது ஊர்க்காரர்களின் நிலம்.

வெபரை எல்லா இடத்திலும் பொருத்துவது

போக்குவரத்துச் செலவு மிகக் குறையும் இடத்தில் ஆலை அமையும் என்று 1909-இல் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர் சொன்னது, தயாரிப்பின்போது எடை இழக்கும் மூலப்பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அரியலூரில் சிமென்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல் பக்கத்தில் நிற்கின்றன. நூறு டன் கரும்பில் சர்க்கரை பத்து டன் அளவுக்குத்தான் தேறும், வெட்டிய கரும்பும் நாள் கடந்தால் சத்து இழக்கும். அதனால் ஆலை வயலைத் தேடி வருகிறது. நூல் பனியனாகும்போது எடை அப்படியா குறைகிறது? மூலப்பொருள் கிடைக்கும் இடங்களையும் சந்தையையும் இணைக்கும் வெபரின் முக்கோணத்தைப் பின்னலாடைக்கு வரையாதீர்கள். தொழில்கள் ஓரிடத்தில் திரள்வதைப் பற்றியும் வெபரே எழுதியிருக்கிறார், மாணவர்கள் அந்தப் பகுதிக்குள் போவதில்லை.

தரிசைப் பார்த்ததும் 'விவசாயம் பொய்த்தது' என்று எழுதுவது

நகரத்தை ஒட்டிய புஞ்சையில் முள்செடி மண்டிக் கிடக்கும். உடனே 'நீர்ப் பற்றாக்குறை' என்று எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் உள்ளே நடந்தால் நட்டு வைத்த மனைக்கற்கள் காலில் தட்டும். கிணற்றில் தண்ணீர்கூட இருக்கும். நகரச் சந்தையைச் சுற்றி எந்தப் பயிர் எவ்வளவு தூரத்தில் என்று 1826-இல் ஜெர்மானியரான தூனன் வரைந்த வளையங்களில் சந்தைக்கு மிக அருகே பாலும் காய்கறியும் இருந்தன, தீவிர சாகுபடி அங்கேதான். வளரும் நகரத்தின் ஓரத்தில் இது தலைகீழாகலாம் என்று புவியியலாளர் ராபர்ட் சின்க்ளேர் 1967-இல் காட்டினார். நாளைக்கு மனையாக விற்கப்போகும் நிலத்தில் இன்றைக்கு யார் காசைப் போட்டுப் பயிர் வைப்பார்கள்?

கிராம நிர்வாகத்தின் பயிர்ப் பதிவேடான அடங்கலின் பழைய பிரதியை எடுத்துப் பாருங்கள். கடைசியாக என்ன பயிர் இருந்தது, எந்த ஆண்டிலிருந்து தரிசு என்று சர்வே எண் வாரியாகப் பார்க்கலாம். அதற்குப் பக்கத்தில் கிரயப் பத்திரத்தின் ஆண்டை வைத்தால், நிலத்தைத் தரிசாக்கியது வறட்சியா விற்பனையா என்று தெரிந்துவிடும். செயற்கைக்கோள் படம் நிறத்தைக் காட்டும், நிலம் கைமாறியதைக் காட்டாது.

அரசைப் பட்டியலின் கடைசியில் ஒரு சொல்லாகப் போடுவது

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகள் வந்ததற்குச் சென்னைத் துறைமுகம் ஒரு காரணம். அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலம் எடுத்துக் கொடுத்ததும் அரசு சலுகை கொடுத்ததும் அதே அளவு காரணங்கள். பட்டாசு ஆலையின் நிலப்பயன்பாட்டைக்கூட விதிகள்தான் வரைகின்றன. அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்வதால், ஆலை ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில் பரந்து கிடக்கிறது.

மாவட்ட எல்லையில் ஆய்வை நிறுத்துவது

நூலும் ஆட்களும் எல்லை பார்த்து வருவதில்லை.

நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரியை வரைபடத்தில் ஆலை என்று குறிப்பது

நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் புள்ளி வையுங்கள்.

முதலாளிகளிடம் மட்டும் பேசுவது

துணி ஏற்றும் டெம்போ டிரைவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். எந்தப் பட்டறையிலிருந்து எந்தப் பட்டறைக்குச் சரக்கு போகிறது, எந்தத் தெருவில் எந்த வேலை நடக்கிறது, எந்த யூனிட் எப்போது இடம் மாறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரு வாரியாகத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.