சேலைக் குறை பிடிக்கும் ஏஐ கேமரா: முன்பணம் கொடுப்பதற்கு முன்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை, தாரமங்கலம் பக்கம் தறிக்கூடம் வைத்திருப்பவரிடம் “98 சதவீதம் சரியாகச் சொல்லும்” என்று கேமரா விற்க வந்தால், அந்த எண்ணை நம்பாதீர்கள். 1,000 சேலையில் 20 குறை என்றால், எல்லாமே நல்லது என்று சொல்லும் இயந்திரத்துக்கும் அதே 98 கிடைக்கும்.

உங்கள் கூடத்திலேயே சோதியுங்கள். 200 சேலை எடுங்கள்; அதில் 40 குறைச் சேலை இருக்கட்டும்: பாவு (நீளவாட்டு) இழை அறுந்தது, ஊடை (குறுக்கு இழை) விட்டது, எண்ணெய்க் கறை. அனுபவமுள்ள இருவர் தனித்தனியே பார்த்துப் பட்டியல் எழுதட்டும். அந்தப் பட்டியலைக் கேமரா விற்பவரிடம் காட்டவே கூடாது. பகல், இரவு இரண்டு ஷிப்டிலும் ஓட்டுங்கள். ஜரிகை மினுக்கமும் ஜன்னல் வெயிலும் கேமராவை ஏமாற்றும். டிசைன் மாறியதும் மறுபடி ஓட்டுங்கள். பழைய டிசைனில் பழகிய ஏஐ மென்பொருள் புதுப் புட்டாவையே குறை என்று நிறுத்தும்; பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

குறையில் கால்பங்கைத் தவறவிட்டு, நல்லதில் பத்தில் ஒன்றைத் தவறாக நிறுத்துகிறது என்று வையுங்கள். முதலில் சொன்ன, 20 குறையுள்ள 1,000 சேலையில் 113 நிற்கும். உண்மைக் குறை 15 மட்டுமே. 113-ஐயும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்தக் கூலியையும் மாதக் கட்டணத்தோடு கூட்டுங்கள்.

இணையம் இல்லாமல் ஓடுமா, படங்கள் யாருக்குச் சொந்தம், கம்பெனி மூடினால் மென்பொருள் நம் கணினியில் ஓடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் முதலீடு பெற்ற பில்டர்.ஏஐ என்ற மென்பொருள் கம்பெனி கூட 2025-இல் திவாலானது. விற்பவர் எழுதித் தர மறுத்தால் முன்பணம் வேண்டாம், மாத வாடகை பேசுங்கள்.