கோல்ஃப் சீசனை ஐபிஎல் மாதிரி பார்த்தால் ஏமாந்துதான் போவோம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சொல்தா பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும். சாயங்காலமானால் பெத்தாங் என்ற பிரெஞ்சு குண்டு விளையாட்டின் குண்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ராத்திரியில் கோல்ஃப். ஆடுவதில்லை, பார்ப்பது மட்டும். நானும் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் நாலு வருடமாக ஐரோப்பிய டூரை, அதாவது ஊர் ஊராக நடக்கும் கோல்ஃப் போட்டிகளின் தொடரை, வாரா வாரம் பின்தொடர்கிறேன் என்றால் அது அவர் பிடித்துவிட்ட பைத்தியம்.

முதல் வருடம் நான் அவரிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "பாயின்ட்ஸ் டேபிள்ல யார் முசே ஃபர்ஸ்ட்?" அவர் சிரித்துவிட்டு, "எந்த டேபிள் தம்பி? நாலு இருக்கு" என்றார். அன்றிலிருந்து நான் செய்த தவறுகளும், இப்போது புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருக்கும் என் நண்பர்கள் செய்கிற தவறுகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் குழப்பம் நாட்காட்டியில். 2025 சீசன் என்றால் 2025 ஜனவரியில் ஆரம்பித்திருக்கும் என்று நினைப்போம். ஐரோப்பிய டூரின் 2025 சீசன் தொடங்கியது 2024 நவம்பரில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். முடிந்தது 2025 நவம்பரில், துபாயில். அடுத்த சீசன் அதே நவம்பரிலேயே தொடங்கியும்விட்டது. நம் சுபங்கர் சர்மா 2017 டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் ஜெயித்தார், 2018 பிப்ரவரியில் மலேசியாவில் ஜெயித்தார். வருடத்தைப் பார்த்துக் கூட்டினால் வருடத்துக்கு ஒன்று. டூர் கணக்கில் இரண்டும் 2018 சீசன்தான். அமெரிக்காவின் பிஜிஏ டூரும் பத்து வருடம் போல இப்படி வருடத்தைத் தாண்டித்தான் சீசன் நடத்தியது, 2024-இல்தான் ஜனவரிக்குத் திரும்பியது. ஆகவே பழைய சாதனைகளைப் புரட்டும்போது தேதியைத் தனியாகவும் சீசனைத் தனியாகவும் பாருங்கள்.

பெயர்க் குழப்பம் அடுத்தது. ஐரோப்பிய டூர் 1972-இல் பிறந்தது. 2022 சீசனிலிருந்து அதன் பெயர் டிபி வேர்ல்டு டூர், துபாய் துறைமுக நிறுவனம் பெயருக்குப் பணம் கட்டியிருக்கிறது. ஆனால் பேச்சில் இன்னும் பலருக்கு ஐரோப்பிய டூர்தான். பிஜிஏ டூர் வேறு, பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற போட்டி வேறு. பின்னதை நடத்துவது அமெரிக்கப் பயிற்சியாளர்களின் சங்கம். அந்தச் சங்கத்திலிருந்து போட்டி வீரர்கள் 1968-இல் பிரிந்து போனதில் உருவானதுதான் டூர். மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யூஎஸ் ஓப்பன், தி ஓப்பன் என்ற நாலு மேஜர்களில், அதாவது கோல்ஃபின் மிகப் பெரிய நாலு போட்டிகளில், ஒன்றைக்கூட எந்த டூரும் நடத்துவதில்லை. நாலும் நாலு தனி அமைப்பின் கையில். ஆனாலும் அதில் கிடைக்கும் புள்ளிகள் டூர் கணக்கில் சேரும். வாடகை வீட்டில் கல்யாணம் நடத்தினாலும் மொய் நம் நோட்டில் ஏறுகிற மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கோரைப் படிப்பதில்தான் பாதிப் பேர் விழுகிறோம். ஒவ்வொரு குழியையும் பந்தை இத்தனை தடவை அடித்து முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். அதைவிடக் குறைந்த அடியில் முடித்தால் கழித்தல் குறி, அண்டர் என்பார்கள். கழித்தல் குறி இருந்தால் நல்லது, அது எல்லோருக்கும் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். தெரியாமல் போவது இது: ஒரு போட்டியின் கழித்தலை இன்னொரு போட்டியின் கழித்தலோடு ஒப்பிடவே கூடாது.

2025-இல் இந்தியாவில் டூரின் போட்டிகள் இரண்டு நடந்தன. மார்ச்சில் குருகிராமின் டிஎல்எஃப் மைதானத்தில் இந்தியன் ஓப்பன். ஸ்பெயினின் யூஹேனியோ சக்கார்ரா ஜெயித்தார், நாலு நாளுக்கும் சேர்த்து வெறும் 4 அண்டர். அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப். இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட் ஜெயித்தார், 22 அண்டர். என் நண்பன் ஒருவன், "அப்போ ஃப்ளீட்வுட் பதினெட்டு அடி கெட்டிக்காரன்" என்று முடிவு கட்டிவிட்டான். அப்படியில்லை. இரண்டு மைதானமும் காரில் போனால் ஒரு மணி நேரம் இருக்குமோ என்னவோ, குணம் வேறு. டிஎல்எஃப் மைதானம் நீளமானது, பாறையும் தண்ணீரும் பள்ளமுமாக, ஒரு அடி தப்பினால் இரண்டு மூன்று அடியைப் பிடுங்கிக்கொள்ளும். டெல்லி கிளப் நீளம் குறைவு, ஆனால் இருபுறமும் புதர் நெருக்கியடிக்கும் சந்து. நேராக அடிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே வாய்ப்பு உண்டு. இந்த இரண்டு போட்டியிலும் இரண்டே அடி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தவர் ஒரே ஆள்: ஜப்பானின் கெய்ட்டா நகஜிமா. அவர் 2 அண்டரிலும் இரண்டாவது, 20 அண்டரிலும் இரண்டாவது. முசேயிடம் சொன்னபோது, "இப்ப புரிஞ்சுதா, பக்கத்துல யார் நிக்கிறான்னுதான் பாக்கணும்" என்றார். பெத்தாங்கில் குண்டு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைவிட, எதிராளியின் குண்டைவிடக் கிட்டே நிற்கிறதா என்பதுதானே கணக்கு. நூல் பிடித்து அளந்து சண்டை போடும் ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

யார் எத்தனையாவது இடம் என்று காட்டும் லீடர்போர்டில் இன்னொரு பொறியும் உண்டு. வியாழனும் வெள்ளியும் பாதிப் பேர் காலையில் ஆடுவார்கள், மீதிப் பேர் மதியத்துக்கு மேல். மறுநாள் நேரம் மாறும். வியாழக்கிழமை நம் ஊரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லீடர்போர்டைத் திறந்து "இந்த ஆள் முதலிடம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டு நான் அசிங்கப்பட்டது ஒரு தடவை இல்லை. அந்த நேரத்தில் பாதிப் பேர் முதல் பந்தையே அடித்திருக்க மாட்டார்கள். பெயருக்கு எதிரில் எத்தனை குழி முடித்திருக்கிறார் என்று ஒரு சின்ன எண் இருக்கும், அதைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

காற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வைத்திக்குப்பத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் கேட்டால் விடியற்காலைக் கடல் வேறு, பகல் ஏறிக் காற்று எழுந்த பிறகான கடல் வேறு என்பார்கள். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்களுக்கு ஸ்காட்லாந்தின் கடலோர மைதானத்தை விளக்கவே வேண்டாம். ஒரே நாளில், ஒரே குழியில், காலையில் ஆடியவன் அடித்த அடிக்கும் மாலையில் ஆடியவன் அடித்த அடிக்கும் ஊர் வித்தியாசம் இருக்கும். ஆகவே முதல் இரண்டு நாள் எந்தப் பாதியில் எப்படிப் போனது என்று பார்த்துவிட்டு ஆளை எடை போடுங்கள். மோசமான பாதியில் 71 அடித்தவன் நல்ல பாதியில் 68 அடித்தவனைவிட நன்றாக ஆடியிருக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் கண் விரியும். டெல்லியில் மொத்தப் பரிசு 40 லட்சம் டாலர், ஃப்ளீட்வுட்டுக்கு அதில் 6.8 லட்சம். இதைப் பார்த்து "நாலு நாள் வேலைக்கு இவ்வளவா" என்று பெருமூச்சு விடுவதுதான் வழக்கம். நான் கேட்டுக்கொள்வது, பட்டியலின் அடுத்த பாதியைப் பாருங்கள். இரண்டு நாள் முடிந்ததும் கட் விழும். ஐரோப்பிய டூரில் வழக்கமாக முதல் 65 பேரும், 65-ஆவது ஆளோடு சமமாக நிற்பவர்களும் தாண்டுவார்கள். மற்றவர்கள் வெள்ளி ராத்திரி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், பரிசுப் பணம் பூஜ்யம். விமானம், ஓட்டல், பை தூக்கும் கேடியின் வாரச் சம்பளம் எல்லாம் அவரவர் பாக்கெட்டிலிருந்து. சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமில்லை இது, கடலுக்குப் போகிற வேலை. வலை நிறையாத அன்றைக்கும் டீசல் செலவு உண்டு. (சவுதி பணத்தில் 2022-இல் வந்த லிவ் கோல்ஃபில் கட் இல்லாமல் எல்லோருக்கும் பணம் என்று ஆரம்பித்தார்கள். அதன் பெயரே 54 என்பதன் ரோமன் எண், ஆரம்பத்தில் மூன்று நாளில் 54 குழி ஆடினார்கள். முசேக்கு அந்த வாடையே ஆகாது. எனக்கு அவ்வளவு கோபம் இல்லை.)

சமமாக முடித்தால் பணம் எப்படிப் பிரியும் என்பதிலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. மூன்று பேர் இரண்டாம் இடத்தில் சமம் என்றால் மூவருக்கும் இரண்டாம் பரிசு கிடைக்காது. இரண்டு, மூன்று, நான்காம் இடங்களின் பரிசைக் கூட்டி மூன்றாகப் பங்கிடுவார்கள். பேச்சுக்கு 11 ரூபாய், 6 ரூபாய், 4 ரூபாய் என்று வைத்தால், ஆளுக்கு 7. கடைசிக் குழியில் ஒருவர் மூன்றடி தூரப் பந்தைத் தவறவிட்டால் அவருக்கு மட்டும் அடி விழாது, அவரோடு சமமாக நிற்கப்போகிறவர்களின் பங்கும் மாறும். முதல் இடம் சமமானால் மட்டும் பிளேஆஃப், அதாவது ஜெயிப்பவர் யாரென்று முடிவு செய்யக் கூடுதல் குழி ஆடுவார்கள்.

அமெச்சூர் வீரர் ஜெயித்தால் பரிசுப் பணத்தைத் தொடவே முடியாது. 2024 ஜனவரியில் நிக் டன்லப் என்ற கல்லூரி மாணவர் பிஜிஏ டூர் போட்டி ஒன்றை ஜெயித்தார். முதல் பரிசான 15 லட்சம் டாலருக்கு மேல் போனது யாருக்கு? இரண்டாவதாக வந்த தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டியான் பெசய்டென்ஹவுட்டுக்கு. தோற்றவர் பணக்காரர், ஜெயித்தவர் வெறும் கோப்பையோடு.

இனி ஒரு பெரிய தவறு: கடைசி வாரத்தில் ஜெயித்தவர்தான் சீசனின் சாம்பியன் என்று நினைப்பது. ஐபிஎல் ஃபைனல் பழக்கம். 2025 நவம்பரில் துபாயின் எர்த் கோர்ஸில் முதல் 50 பேர் மட்டும் ஆடிய கடைசிப் போட்டி. ரோரி மெக்கில்ராய் கடைசிக் குழியில் ஈகிள் போட்டு, அதாவது பாரை விட இரண்டு அடி குறைவாக முடித்து, மாட் ஃபிட்ஸ்பாட்ரிக்கைச் சமன் செய்தார். பிளேஆஃபில் பந்து தண்ணீரில் போனது, போட்டி ஃபிட்ஸ்பாட்ரிக்குக்கு. ஆனால் சீசன் முழுக்கச் சேர்த்த புள்ளிகளின் பட்டியல், ரேஸ் டு துபாய் என்பார்கள், அது மெக்கில்ராய்க்கு. ஒரே சாயங்காலத்தில் ஒரே ஆள் தோற்றும் ஜெயித்தும் நின்றார். அது அவருக்கு ஏழாவது முறை. ஸ்பெயினின் செவி பயஸ்தெரோஸின் ஆறைத் தாண்டிவிட்டார், ஸ்காட்லாந்தின் காலின் மான்ட்கமரியின் எட்டு மட்டும் மிச்சம். உலகத் தரவரிசை இதோடு சேராது. அது 1986-இல் வந்தது, இரண்டு வருட ஆட்டத்தை உருட்டிக்கொண்டே போகும் கணக்கு. முசே சொன்ன நாலு டேபிளில் இவை இரண்டு.

முடிந்துவிட்டது என்று டிவியை அணைப்பதும் ஒரு தவறுதான். இதை முசேயிடம் சொன்னால் முகம் மாறிவிடும். 1999, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி, தி ஓப்பனின் கடைசி நாள், கடைசிக் குழி. பிரான்ஸின் ஜான் வான் தே வெல்டு மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னால் நிற்கிறார். பார் நாலு உள்ள குழியில் ஆறு அடித்தாலே போதும். 1907-இல் அர்னோ மாஸிக்குப் பிறகு எந்த பிரெஞ்சுக்காரரும் தொடாத கோப்பை. அவர் அடித்த பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டுத் திரும்பி வந்தது, அடுத்தது ஓடைத் தண்ணீரில் விழுந்தது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள்ளேயே இறங்கி நின்றார், அடிக்கலாமா வேண்டாமா என்று. கடைசியில் ஏழு. பிளேஆஃபில் ஜெயித்தது அன்று காலை அவரைவிடப் பத்து அடி கூடுதலாக அடித்துப் பின்னாலிருந்த பால் லாரி. முசே அப்போது பிரான்ஸில் இருந்தாராம். கடைசிக் குழிக்கு முன்னால் எழுந்து ஒயின் எடுக்கப் போனவர், திரும்பி வந்தபோது அந்த ஆள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாராம். "நான் ஏன் எந்திரிச்சேன்" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நம்மவர்களைப் பார்க்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். இந்தியன் ஓப்பன் ஐரோப்பிய டூரில் சேர்ந்த 2015-இல் அனிர்பன் லாஹிரி, அடுத்த இரண்டு வருடமும் எஸ்.எஸ்.பி. சௌராசியா. கொல்கத்தாவில் புல் பராமரிப்பவரின் மகன் சௌராசியா, பை தூக்கி வளர்ந்தவர். அதன்பிறகு 2018 முதல் 2025 வரை ஒரு இந்தியர்கூட அந்தக் கோப்பையைத் தொடவில்லை. இதை வைத்து "நம்ம ஆளுங்க அவுட்" என்று எழுதுவது சோம்பேறித்தனம். நூற்றைம்பது பேர்வரை இறங்கும் இடத்தில் நூற்று நாற்பத்தொன்பது பேர் ஒவ்வொரு வாரமும் தோற்கத்தான் செய்வார்கள். சீசன் முடிவில் அடுத்த வருடத்துக்கு ஆடும் உரிமை, அதாவது கார்டு, மிஞ்சுகிறதா என்பதுதான் முக்கால்வாசி வீரர்களின் கவலை. மேலே இருக்கும் பத்துப் பேருக்கு, ஏற்கெனவே அங்கே இடம் இல்லாதவர்களாகப் பார்த்து, பிஜிஏ டூரின் கதவும் திறக்கும். செப்டம்பர், அக்டோபரில் ஒரு இந்தியர் இருபத்தைந்தாவது இடத்தில் முடித்தால் அந்தப் புள்ளிகள் அவரைக் கோட்டுக்கு மேலே தூக்கினவா என்று பாருங்கள். சில வருடம் அதுதான் நமக்குக் கோப்பை.

கடைசியாக நேரம். அமெரிக்க மேஜர்களின் ஞாயிறு நமக்குத் திங்கள் விடியல். 2025-இல் மெக்கில்ராய் ஜஸ்டின் ரோஸைப் பிளேஆஃபில் வென்று மாஸ்டர்ஸைத் தொட்டபோது இங்கே சித்திரை ஒன்று. தெருவில் கோலப்பொடி டப்பாவோடு வாசல் தெளிக்க வந்த என் அத்தை, சொல்தா வீட்டில் விளக்கெரிவதைப் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டார். "அத்தை, ஒண்ணுமில்ல, ஜெயிச்சுட்டான்" என்றேன். "யாரு, எலெக்‌ஷனா?" என்றார். துபாய் போட்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிடும், முசே அதற்குப் பிறகும் குண்டு உருட்டப் போகலாம்.