ஐபிஎஃப்எஸ் கோப்பை ஃபெட்ச் முறையிலேயே எடுப்பது எப்படி

ஐபிஎஃப்எஸ் என்பது பலரின் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பகிரும் வலை. அதில் ஒரு கோப்பின் முகவரி அது எந்த சர்வரில் கிடக்கிறது என்பதைச் சொல்லாது. உள்ளடக்கத்தின் ஹேஷிலிருந்து (அதைக் கணக்கிட்டுப் பெறும் கைரேகை போன்ற குறியீட்டிலிருந்து) பிறக்கும் சிஐடிதான் அங்கே முகவரி. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் சிஐடி மாறிவிடும். அதனால் முன்பின் தெரியாதவர் கணினியிலிருந்து வந்த கோப்பையும் சரிபார்த்து ஏற்கலாம். ஜாவாஸ்கிரிப்டுக்கான ஐபிஎஃப்எஸ் மென்பொருளான ஹெலியாவின் ‘வெரிஃபைட் ஃபெட்ச்’ தொகுப்பு, பிரவுசரின் வழக்கமான ஃபெட்ச் கட்டளை போலவே அழைக்கக்கூடியது. அது இந்தச் சரிபார்ப்பை உங்கள் பிரவுசருக்குள்ளேயே பிளாக் பிளாக்காக, அதாவது கோப்பின் துண்டு துண்டாக, செய்கிறது.

கோப்பைப் பகிர்பவர் குபோவில் (கணினியில் ஓடும் ஐபிஎஃப்எஸ் மென்பொருள்) சேர்க்கும்போதே சிஐடி பதிப்பு 1 என்று கொடுத்துவிடட்டும். பதிப்பு 0 ‘க்யூஎம்’ என்று தொடங்கும் 46 எழுத்து. அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. அதை இணைய முகவரியின் சப்டொமைனில் வைத்தால் பிரவுசர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும், முகவரி கெட்டுவிடும். குபோவின் டீமன் (பின்னணியில் இயங்கும் நிரல்) ஓடிக்கொண்டே இருக்கட்டும். ரவுட்டரில் 4001 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்து வையுங்கள்.

எடுக்கும் பக்கம் எளிது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம்மில் தொகுப்பை நிறுவி, ‘ஐபிஎஃப்எஸ்://’ சேர்த்த சிஐடியை வெரிஃபைட் ஃபெட்ச்சுக்குக் கொடுத்து அவெயிட் செய்யுங்கள். கிடைப்பது வழக்கமான ரெஸ்பான்ஸ்தான். டெக்ஸ்ட், ஜேசன், பிளாப் எல்லாம் அதில் வேலை செய்யும். கோப்புறை என்றால் சிஐடிக்குப் பின் சாய்கோடு போட்டுக் கோப்பின் பெயர். இது வாசிக்க மட்டும், தரவை அனுப்பும் போஸ்ட் கிடையாது.

பலரும் தடுக்கி விழும் இடம் காத்திருப்பு. கோப்பை வைத்திருப்பவர் யாரும் இணைப்பில் இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்னும் 404 உடனே வராது, தேடல் நீண்டுகொண்டே போகும். ஆகவே வெரிஃபைட் ஃபெட்ச்சை அழைக்கும் வரியிலேயே, குறித்த நேரம் கடந்தால் தேடலை நிறுத்தும் அபார்ட் சிக்னல் கொடுங்கள். 30 விநாடி, அதாவது 30000 மில்லி விநாடி, தொடங்குவதற்கு நியாயமான அளவு. ‘சரி’ என்னும் 200 வந்ததும் நிம்மதியடைய வேண்டாம். பிளாக்குகள் வாசிக்க வாசிக்கத்தான் வருகின்றன. பாதியில் ஒன்று கிடைக்காவிட்டாலோ ஹேஷ் பொருந்தாவிட்டாலோ ரெஸ்பான்ஸின் பாடியை (உள்ளடக்கத்தை) வாசிக்கும்போதுதான் பிழை எழும். பிழையைப் பிடிக்கும் ட்ரை–கேட்ச் அந்த வரியையும் உள்ளடக்கட்டும்.

படம் திரையில் தெரியாமல் டவுன்லோடு ஆகிறதா? கோப்பின் வகையைச் சொல்லும் கன்டென்ட்–டைப், வகை தெரியாத பொதுவான ஆக்டெட்–ஸ்ட்ரீமாக வந்திருக்கும். சிஐடியில் கோப்பின் வகை இல்லை. வகையைக் கண்டறிந்து சொல்லும் கன்டென்ட்–டைப் பார்சர் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

சோதனைக்குச் சொந்தக் குபோவின் கேட்வேயை (ஐபிஎஃப்எஸ் கோப்புகளை ஹெச்டிடிபி வழியே தரும் வாயிலை), அதாவது 127.0.0.1 முகவரியின் 8080 போர்ட்டை, ‘கிரியேட் வெரிஃபைட் ஃபெட்ச்’சின் கேட்வே பட்டியலில் சேர்க்கலாம். அது ஹெச்டிடிபிஎஸ் அல்லாத உள்ளூர் முகவரி என்பதால் ‘அலவ் லோக்கல்’, ‘அலவ் இன்செக்யூர்’ இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். வேலை முடிந்ததும் ஸ்டாப் அழைத்து இணைப்புகளை மூடுங்கள்.