பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை: ஆற்றோரச் சரளைப் பாதையில் சைக்கிள் பயணம்

அமெரிக்காவின் அலிகேனி மலைத்தொடரைச் சைக்கிளில் கடப்பதற்குச் செங்குத்தான ஏற்றங்களில் பழகிய கால்கள் வேண்டும் என்பதில்லை. நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அங்கே ரயில்பாதை போட்டவர்கள் ஆறுகளின் போக்கை ஒட்டியே தடம் அமைத்து, வழியை மறித்த மலைகளைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளுக்கு மேல் பாலம் கட்டியும் ஏற்றத்தைத் தணித்து வைத்தார்கள். கைவிடப்பட்ட அந்தத் தடங்களில் தண்டவாளங்களைப் பெயர்த்து, சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி உருவாக்கியதுதான் 'கிரேட் அலிகேனி பாசேஜ்' என்னும் 241 கி.மீ. பாதை. 1986இல் ஒஹையோபைல் என்ற சிற்றூரில் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. 2013இல் பிட்ஸ்பர்க் நகர்வரை வேலை முடிந்தது. மறுமுனையான கம்பர்லாண்டில் இது முடியும் இடத்திலேயே, வாஷிங்டன்வரை செல்லும் 297 கி.மீ. 'செசபீக்-ஒஹையோ' கால்வாய்க் கரைப்பாதை தொடங்குகிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது திசை. பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்புவதையே நான் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, முதலில் மொனாங்கஹீலா, பிறகு யாக்கிகேனி, அதன் பின் காசல்மன் என மூன்று ஆறுகளை எதிர்த்திசையில் பின்தொடர்ந்து, 203 கி.மீ. தொலைவில் 729 மீட்டர் உயரத்திலுள்ள நீர்ப்பிரி மேட்டை, அதாவது மழைநீர் இரு திசைகளாகப் பிரிந்தோடும் முகட்டை, அடைகிறது. ஏறுகிறோம் என்ற உணர்வே பெரும்பாலான இடங்களில் இருக்காது. அதற்குப் பிறகு கம்பர்லாண்டுவரை 38 கி.மீ. தொடர் இறக்கம். எதிர்த்திசையில் வந்தால் இந்த 38 கி.மீ.தான் முதல் நாள் ஏற்றமாக அமையும். சரிவு நூற்றுக்கு இரண்டைத் தொடாது என்றாலும், சுமையேற்றிய சைக்கிளில் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஏற்றத்தை முதல் நாளே முடித்துவிடலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. உடல் பழகாத நாளில் அது தேவையில்லாத தண்டனை என்பது என் கருத்து.

ஆம்ட்ராக் ரயில் வாஷிங்டன், கம்பர்லாண்ட், கானல்ஸ்வில், பிட்ஸ்பர்க் ஆகிய நான்கு இடங்களிலும் நிற்பதால், போவதற்கோ திரும்புவதற்கோ அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும். இடங்கள் குறைவு என்பதால் தேதி முடிவானவுடன் எடுத்துவிடுவது நல்லது. பிட்ஸ்பர்க்கில் இந்த ரயில் நள்ளிரவை ஒட்டியும் விடியலுக்கு முன்பும் நிற்பது வழக்கமாதலால், ஓரிரவு அங்கே தங்க வேண்டியிருக்கும். புறநகரான பென் ஹில்ஸில் 1970களில் எழுந்த வெங்கடேசுவரர் கோயிலுக்கு எப்படியும் போகும் தமிழ்க் குடும்பங்கள், ஒருவர் சைக்கிளில் கிளம்ப மற்றவர்கள் காரில் தொடரும்படி பயணத்தைத் திட்டமிடுவதும் நடைமுறைக்கு ஒத்ததே.

சைக்கிளைப் பொறுத்தவரை, டயரின் அகலம்தான் முக்கியம். அலிகேனி பாதைக்கு மட்டும் என்றால் 32 மி.மீ. போதும்; வாஷிங்டன்வரை போவதாக இருந்தால் 40 மி.மீ.க்குக் குறையாமல் பொருத்திக்கொள்ளுங்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் பைகளோடு ஓட்டினால், 40 மி.மீ. டயரில் முன்புறம் 35, பின்புறம் 40 பி.எஸ்.ஐ. காற்றழுத்த அளவில் தொடங்கி, சற்றே கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். மட்கார்டு கட்டாயம் வேண்டும். அதற்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கட்டும், இல்லையேல் சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாது. மழை பெய்தால் சுண்ணாம்புப் பொடி தோசை மாவுபோல் குழைந்து செயினிலும் பிரேக் கட்டைகளிலும் அப்பிக்கொள்ளும். ஓட்டும்போது நறநறவென்று ஓசை கேட்டால் மாலைவரை காத்திருக்க வேண்டாம்: தண்ணீர்ப் புட்டியைப் பீய்ச்சி செயினைக் கழுவி, துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்றி, மேலே வழியும் மீதத்தைத் துடைத்துவிடுங்கள். பிரேக்கில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

புதியவர்கள் அலிகேனி பாதையை நான்கு நாட்களாகப் பிரித்துக்கொள்ளலாம். வெஸ்ட் நியூட்டன் (58 கி.மீ.), ஒஹையோபைல் (மேலும் 67), மையர்ஸ்டேல் (65), கம்பர்லாண்ட் (51) என்பது நிதானமான பிரிப்பு. கானல்ஸ்வில்லில் தண்ணீரையும் உணவையும் நிரப்பிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். அங்கிருந்து ஒஹையோபைல்வரையிலான 27 கி.மீ. முழுக்கக் காடு, கடையும் இல்லை, கைப்பேசி அலைவரிசையையும் நம்ப முடியாது. ஆனால் மொத்தப் பயணத்திலும் அழகான பகுதி அதுதான் என்பேன்: ஒருபுறம் பாறைச்சரிவு, மறுபுறம் மரங்களுக்குக் கீழே இரைந்தோடும் யாக்கிகேனி. ஒஹையோபைலில் அருவியும், ரப்பர் படகுச் சவாரியும் உண்டு. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வேறோர் அருவியின் மேலேயே கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' இல்லம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதற்குப் போகும் சாலை செங்குத்தானது, கார்களும் வரும். முடிந்தால் வாடகை வண்டியில் போய் வாருங்கள்.

மையர்ஸ்டேலுக்குச் சற்று முன்னால் காசல்மன் பள்ளத்தாக்கைக் கடக்கும் 582 மீட்டர் நீள சாலிஸ்பரி பாலத்தில் பக்கக் காற்று பலமாக வீசும். வேகத்தைக் குறைப்பது நல்லது. அதைத் தாண்டி வரும் நீர்ப்பிரி மேட்டில், மேற்கே வழியும் மழைநீர் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், கிழக்கே வழிவது பொட்டோமக் வழியாக செசபீக் விரிகுடாவுக்கும் போகிறது. அடுத்து வருவது பிக் சாவேஜ் குகைப்பாதை. ஒரு கிலோமீட்டர் நீளம், உள்ளே விளக்குகள் உண்டு, கோடையிலும் குளிரும். குளிர்காலத்தில் இதன் கதவுகளை மூடிவிடுவார்கள். மாற்று வழி மலைச்சாலை மட்டுமே என்பதால், டிசம்பர் முதல் ஏப்ரல் முற்பகுதிவரை முழுப் பாதையையும் திட்டமிட வேண்டாம். இலைகள் நிறம் மாறும் அக்டோபர் நடுப்பகுதிக்கே என் ஓட்டு. அப்போது விடுதிகளும் நிரம்பிவிடும். இலையுதிர்காலத்தில் மான் வேட்டை நடப்பதால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அணியுங்கள். காட்டு உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை. இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு ஆகிய இடங்களைச் சோதித்துப் பாருங்கள்.

கம்பர்லாண்டைத் தாண்டியதும் பாதையின் குணமே மாறுகிறது. 1828இல் தொடங்கி 1850இல் இந்த ஊரை எட்டிய கால்வாயில், கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்து நடந்த கரை இது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இங்கே மண்ணும் வேர்களும் குழிகளும் அதிகம். பெருமழை பெய்த மறுநாள், அன்றைக்கு நீங்கள் போட்ட தொலைவுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொட்டோமக் கரைபுரண்டால் பாதையே மூழ்கும், ஆகவே தேசியப் பூங்காத் துறையின் மூடல் அறிவிப்புகளைக் கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும். 950 மீட்டர் நீளமுள்ள பா பா குகைப்பாதையில் விளக்கு கிடையாது. தரை மேடுபள்ளமானது, ஒருவர் நடக்கும் அகலமே உண்டு. கைவிளக்கோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

லிட்டில் ஆர்லீன்ஸ் அருகிலிருந்து ஹான்காக் வழியாக பிக் பூல்வரை, கரைக்கு இணையாகத் தார் போட்ட 'வெஸ்டர்ன் மேரிலாண்ட்' ரயில்தடப் பாதை 45 கி.மீ. ஓடுகிறது. சேற்றில் களைத்தவர்கள் தயங்காமல் அதில் ஏறிவிடலாம். கரையோர முகாம்களில் கைப்பம்புத் தண்ணீர் அயோடின் கலந்தது. அந்தச் சுவை பிடிக்காதவர்கள் ஊர்களில் நிரப்பிக்கொள்ளட்டும், குளிர்காலத்தில் பம்புகள் இயங்கவும் மாட்டா. ஆற்றின் மறுகரையிலுள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊருக்குள் போக விரும்பினால், ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்துக்குப் படிக்கட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பதால், பைகளைக் கழற்றி இரண்டு நடையாக எடுத்துப் போவது எளிது. கிரேட் ஃபால்ஸிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதிவரை வார இறுதிகளில் நடப்பவர்களும் குழந்தைகளும் நிறைந்திருப்பார்கள். கடைசி நாளைத் திங்கள் முதல் வெள்ளிக்குள் வைத்துக்கொண்டால் மணியடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியதில்லை.