செப்புக் காசும் அச்சு வேறுபாடும்: புதிய சேகரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செப்புக் காசில் நம் கண்ணுக்குப் படும் வித்தியாசம் அதை அடித்த அச்சிலேயே இருந்ததா, அடித்த பிறகு அந்தக் காசுக்கு நேர்ந்ததா என்ற கேள்வியைக் கேட்காமல் போவதுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலக் காசுகளைச் சேர்ப்பவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். அச்சு வேறுபாடு என்பது அச்சின் குணம். அந்த அச்சில் விழுந்த ஆயிரக்கணக்கான காசுகளிலும் அது ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கும். கீறல், நசுங்கல், தேய்மானம், களிம்பு ஆகியவை அந்த ஒரு காசுக்கு மட்டுமே உரியவை. இந்த இரண்டையும் பிரித்தறியும் பழக்கம் கைவந்துவிட்டால், வாங்கும் இடத்திலும் வீட்டில் பாதுகாக்கும் முறையிலும் நேரும் பிழைகள் பல தாமாகவே குறைந்துவிடும்.

காசில் உள்ள கோடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சு விரிசல் விட்டிருந்தால், அடிக்கும்போது அந்த விரிசலுக்குள் செம்பு புகுந்துகொள்வதால், காசில் அது மேடான கோடாகத் தெரியும். பின்னாளில் ஆணியோ கத்தியோ பட்டு உண்டான கீறல் பள்ளமாக இருக்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்து, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் உடனே தெரிந்துவிடும். நேர் வெளிச்சத்தில் பார்ப்பதால்தான் பலர் கீறலை விரிசல் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எழுத்து ஒன்று மங்கியோ காணாமலோ இருந்தாலும் இதே எச்சரிக்கை தேவை. அச்சின் குழியில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து காசில் சரியாக எழும்பாது. அடைப்பைத் துடைத்தவுடன் அடுத்த காசில் அது முழுமையாக வந்துவிடும். ஆகவே எழுத்து விடுபட்ட காசை வேறு அச்சின் காசு என்று பதிவு செய்வது பெரும்பாலும் பிழையாகவே முடிகிறது.

இரட்டை எழுத்து விஷயத்தில் நேரும் குழப்பம் இன்னும் ஆழமானது. மூல உருவிலிருந்து பணி அச்சை, அதாவது காசை அடிக்கும் அச்சை, உருவாக்கும்போது உருவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்த வேண்டியிருக்கும். இரண்டாவது அழுத்தம் சற்று விலகி விழுந்தால், எழுத்துகளோ ஆண்டு எண்களோ அச்சிலேயே இரட்டையாகப் பதிந்துவிடும். அத்தகைய காசில் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு, ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். அடிக்கும் கணத்தில் அச்சு தளர்ந்து அசைந்ததால் உண்டாகும் இரட்டிப்போ, எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக வழித்துவிட்டதுபோல் ஒரு படியை மட்டும் விட்டுச் செல்லும். முன்னது அச்சு வேறுபாடு. பின்னது அந்த ஒரு காசின் விபத்து. ஐயம் வந்தால் அதே அம்சம் அதே இடத்தில் உள்ள இரண்டாவது காசு ஒன்றைத் தேடுவதே நேர்மையான சோதனை. இரண்டாவது காசு கிடைக்கும்வரை அதைக் குறிப்பேட்டில் ‘ஐயம்’ என்ற தலைப்பின்கீழ் வைத்திருப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு வடசென்னைக்காரர்களாகிய நமக்கு மிக எளிதில் வரக்கூடியது. தங்கசாலைத் தெருவின் வடகோடியில் அரசு நாணயச்சாலை இயங்கியது உண்மை. அது 1869-இல் மூடப்பட்டு, அந்த வளாகம் பின்னர் அரசு அச்சகத்துக்குப் போனதும் உண்மை. ஆனால் சென்னை மாகாணத்துக்காக வெளியிடப்பட்ட காசெல்லாம் சென்னையில் அடிக்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்வது சரியன்று. 1803-ஆம் ஆண்டு பொறித்த இருபது காசு, பத்து காசு, ஐந்து காசு, ஒரு காசு நாணயங்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு அருகே மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. சென்னை மாகாணத்தின் வடபகுதியான வடசர்க்கார் மாவட்டங்களுக்கென 1794, 1797 ஆகிய ஆண்டுகளைத் தாங்கி வந்த, ‘ஒரு ரூபாய்க்கு 48’ என்று பொறித்த காசுகளும் அங்கிருந்து வந்தவையே. மறுபக்கத்தில், 1869-க்குப் பிந்தைய ஆண்டு பொறித்த காலணாவைக் காட்டி இது நம் தங்கசாலையில் அடித்தது என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். 1862 ஆண்டுக் காலணாவில் சென்னை நாணயச்சாலையின் அடையாளத்தைத் தேட இடமுண்டு. விக்டோரியா அரசியின் உடுப்பின் கீழ்ப்பகுதிப் பூவேலைக்குள் ஆங்கில ‘வி’ எழுத்து நுண்ணியதாக ஒளிந்திருக்கும். தேய்ந்த காசில் முதலில் அழிவதும் அதுதான்.

எங்கே அடித்தது என்ற கேள்வி வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. வேறுபாடுகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. சோஹோவில் மூல உருவிலிருந்து அச்சுகளைப் பெருக்கியதால், ஓர் அச்சுக்கும் மற்றோர் அச்சுக்கும் இடையே வித்தியாசம் மிகக் குறைவு. அங்கே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் கவனிக்கத் தகுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கையால் அடிக்கப்பட்ட, கம்பெனியின் மூட்டைக்குறியும் (சரக்கு மூட்டைகளில் இடும் அடையாளம்) ஆண்டும் பொறித்த சிறு துட்டுகளின் நிலை வேறு. அவற்றின் ஒவ்வோர் அச்சையும் ஒரு கைவினைஞர் தனியாக வெட்டினார். ஆகவே எந்த இரண்டு அச்சுகளும் ஒன்றுபோல் இருக்க வாய்ப்பே இல்லை. அங்கே ஒவ்வொரு சிறு வித்தியாசத்துக்கும் தனி எண் கொடுத்துப் பட்டியல் போடுவது பயனற்ற உழைப்பு. அந்தத் துட்டுகளில் அச்சைவிடச் செப்புத் துண்டு சிறியதாக இருப்பதும் உண்டு. ஆண்டின் ஓர் எண் துண்டுக்கு வெளியே போய்விட்டால் மிஞ்சிய எண்களை மட்டும் பார்த்து அரிய ஆண்டு என்று சொல்லிவிடக் கூடாது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும், தரங்கம்பாடியில் டேனியர்களும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் வெளியிட்ட செப்புக் காசுகளை ஆங்கிலக் கம்பெனியின் காசுகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைப்பதும் பரவலான வழக்கம். பிரெஞ்சுத் துட்டில் ‘புதுச்சேரி’ என்று தமிழிலேயே பொறித்திருக்கும். டச்சுக் கம்பெனியின் காசில் அதன் மூன்று எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கும். இவற்றைப் பிரித்து வைப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

வேறுபாடு என்றாலே அரிது என்று நினைப்பது பணத்தை வீணாக்கும் தவறு. 1835-ஆம் ஆண்டின் சட்டப்படி வந்த பொது நாணய முறையில், காலணாவில் 1835 என்ற அதே ஆண்டு பல ஆண்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. அவ்வளவு காலத்துக்கு எத்தனையோ அச்சுகள் தேய்ந்து மாற்றப்பட்டிருக்கும். ஆகவே மதிப்பைச் சுற்றியுள்ள மாலையின் இலையிலும் காயிலும் எழுத்தின் அளவிலும் நாம் காணும் வித்தியாசங்கள் வியப்புக்குரியவை அல்ல. அவற்றுள் பல சர்வசாதாரணமாகக் கிடைப்பவை. ஒரு வேறுபாடு அரிதா என்பதை, அதைப் பல சேகரிப்புகளில் தேடிப் பார்த்த பிறகே சொல்ல முடியும். இந்தக் காசுகளைப் பட்டியலிட்ட நாணய ஆய்வாளர் பிரிட்மோர் கொடுத்த எண்களை இந்தத் துறையில் எல்லோரும் வழங்குவதற்குக் காரணமும் அப்படிப்பட்ட ஒப்பீடுதான்.

இதன் மறுமுகம் 1808-ஆம் ஆண்டு இருபது காசு நாணயம். மின்னும் நிலையில் ஒன்று கிடைத்ததும், இருநூறு ஆண்டுக்கு மேல் பழைய காசு இவ்வளவு புதிதாக இருக்கிறதே என்று மயங்கிப் பெருந்தொகை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக்காக இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதில் பீப்பாய்களில் அடைத்து வைத்திருந்த 1808 ஆண்டுப் பத்து காசு, இருபது காசு நாணயங்கள் 1980-களில் பெருமளவில் மீட்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தன. எனவே அந்த ஆண்டில் நல்ல நிலை என்பது அரிய நிலை அன்று. கப்பலின் கதை சுவையானதுதான். கதைக்கு ஒரு விலையும் காசுக்கு ஒரு விலையும் தனித்தனியே போட்டுப் பார்ப்பது வாங்குபவரின் கடமை.

இனி, திருத்தவே முடியாத தவறுக்கு வருகிறேன். பழைய காசு கைக்கு வந்ததும் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்பது, பீதாம்பரிப் பொடி போடுவது, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது ஆகியவை நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்குக் காட்டும் அக்கறையின் தொடர்ச்சி. ஆனால் செம்பின் மேல் நூறாண்டுக்கு மேலாகப் படிந்த பழுப்புப் படலம்தான் அடியிலுள்ள உலோகத்தைக் காத்துவந்தது. அமிலம் அந்தப் படலத்தை மட்டும் எடுப்பதில்லை; அச்சு விரிசலின் மெல்லிய மேட்டையும், திருத்திப் பொறித்த எண்ணின் அடியில் தெரியும் பழைய எண்ணின் நிழலையும் சேர்த்தே அரித்துவிடும். எந்தச் சான்றுக்காக அந்தக் காசை வாங்கினோமோ அந்தச் சான்றையே துடைத்து எறிந்தது போலாகும். தேய்த்த காசின் பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறத்தை அனுபவமுள்ளவர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டு விலையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடுவார்கள். மண்ணை நீக்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினால் போதும். பிளாஸ்டிக் பிசுபிசுப்பு இருந்தால் கலப்பில்லாத அசிட்டோனைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலகி நின்று பயன்படுத்தலாம்; நகப்பூச்சு நீக்கி அதற்கு மாற்றாகாது.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் வசிப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடற்காற்றோடு வரும் உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குப் பகை. குளோரைடு படிந்த காசில் ஈரமும் காற்றும் சேரும்போது வெளிர்பச்சைப் பொடி பூக்கத் தொடங்கும். அது உலோகத்தைக் குழி குழியாகத் தின்றுகொண்டே போகும். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைக் களிம்பு பொதுவாக நிலைத்து நிற்பது. ஊசி முனையால் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடிதான் ஆபத்தானது. அப்படிப் பூத்த காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காசுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவை ஈரம் குடித்ததும் மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது. வளைந்து கொடுக்கும், வாசனை வீசும் மென்மையான பிவிசி உறைகளை இந்த ஊர் வெயிலில் அறவே தவிர்க்க வேண்டும். அவை சிதைந்து அமிலம் கசியவிட்டுச் செம்பின் மேல் பச்சைப் பசையாகப் படியும். விறைப்பான மைலார் (பாலியஸ்டர்) உறை சற்று விலை கூடினாலும் அதுவே பாதுகாப்பானது. விரலில் உள்ள வியர்வையும் உப்புதான் என்பதால் காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

எடை போடாமல் வாங்குவது மற்றொரு பிழை. சவுகார்பேட்டை நகைக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் சிறு மின்னணுத் தராசே இதற்குப் போதும். 1835 சட்டத்தின்படி காலணாவின் எடை 100 கிரெய்ன், அதாவது சுமார் 6.48 கிராம், அரையணா அதன் இரு மடங்கு. 1906-இல் செம்புக்குப் பதிலாக வெண்கலம் வந்தபோது காலணாவின் எடை 75 கிரெய்னாக, அதாவது சுமார் 4.86 கிராமாகக் குறைந்தது. 1906 என்று பொறித்த காலணா இரண்டு உலோகத்திலும் உண்டு. தராசில் வைக்காமல் நிறத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முயல்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டும், மறுபக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவங்களும் கொண்ட ‘அரையணா’, ‘ஒரு அணா’ வில்லைகள் எந்த நாணயச்சாலையிலும் வெளியிடப்பட்ட பணம் அல்ல. இவற்றில் சில அரிசியை ஈர்க்கும் என்று சொல்லி ‘ரைஸ் புல்லிங்’ என்ற பெயரில் இலட்சக்கணக்கான ரூபாயைப் பறிக்கும் மோசடி தமிழ்நாட்டில் தொடர்ந்து நடந்துவருகிறது. செம்பு அரிசியை ஈர்க்காது. ஈர்ப்பதுபோல் காட்டுபவர் அரிசியிலோ காசிலோ முன்கூட்டியே வேலை செய்திருக்கிறார். அதே நேரத்தில், தெய்வ உருவம் இருந்தாலே போலி என்ற எதிர்த் தீர்ப்புக்கும் தாவிவிடக் கூடாது. சென்னையில் 1807-இல் தொடங்கிய வெள்ளி வராகன் நாணயங்களில் கோபுரமும் திருமாலும் உண்டு. அவை கம்பெனியின் உண்மையான வெளியீடுகள். உருவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் உலோகம், எடை, எழுத்தின் அமைப்பு, அந்த மதிப்பு அந்த ஆண்டில் வழக்கில் இருந்ததா என்பவற்றை ஒருசேரப் பார்க்க வேண்டும். சென்னையில் அப்போது 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற கணக்கே நடந்தது. 1818-இல்தான் இங்கே ரூபாய் அடிப்படை அலகாயிற்று.

சட்டத்தை அறியாமல் நடப்பதும் தவறுதான். ஜார்ஜ் டவுனில் பழைய வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டுமானால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அனுமதி இல்லை. தரம் பார்த்துத் தரும் வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்புவதும் இதில் அடங்கும்.

கடைசியாக, பதிவு. வாங்கிய நாள், இடம், விலை, எடை, விட்டம், முகப்பை நேராக வைத்துத் திருப்பினால் பின்புறம் நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா என்ற குறிப்பு ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். காசின் இரு பக்கங்களையும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்து வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தால்தான், இன்னொருவரிடம் உள்ள காசும் இதே அச்சில் விழுந்ததா என்று பின்னாளில் ஒப்பிட முடியும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடத்துக்குச் செல்லும்போது இந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காட்சிப் பெட்டியில் உள்ள காசுக்கும் நம் காசுக்கும் உள்ள ஒற்றுமையை நினைவை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது.